2,800 யூரோ போச்சு: ஸ்ட்ராவின்ஸ்கி கடிதம் என்று விற்கிறார்கள், வாங்காதீர்கள்

பழைய கடிதங்கள், இசைத்தாள்கள் ஏலம் விடும் ஒரு இணையதளத்தில், ரஷ்ய இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி கைப்பட எழுதியது என்று ஒரு போலிக் கடிதத்தை என் தலையில் கட்டி 2,800 யூரோ பிடுங்கிவிட்டார்கள். எரிகிற வயிற்றோடுதான் இதை எழுதுகிறேன். இங்கே ஐரோப்பாவில் இப்படிப்பட்ட பொருள்களைத் தேடி வாங்கும் நண்பர்கள் தயவுசெய்து படியுங்கள்.

அவர் இசையமைத்த 'தி ரைட் ஆஃப் ஸ்பிரிங்' பாலே நடனம் 1913 மே 29 அன்று பாரிஸ் ஷான்ஸெலிஸே தியேட்டரில் முதன்முதலாக நடந்தபோது, இசையே காதில் விழாத அளவுக்குக் கூச்சல் எழுந்தது ஊரறிந்த கதை. அந்த இரவைப் பற்றி அவரே நண்பர் ஒருவருக்குப் பிரெஞ்சில் எழுதிய இரண்டு பக்கம் என்று போட்டிருந்தார்கள். அந்த இசையோடு வளர்ந்தவனுக்கு அதைப் பார்த்ததும் எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்!

விற்றவர் போனில் நிதானமாகப் பேசினார். தாத்தா சுவிட்சர்லாந்தில் வயலின் வாசித்தவராம், கடிதம் குடும்பப் பெட்டியில் இருந்ததாம். "விலை பெரிதில்லை ஐயா, இசை தெரிந்தவர் கைக்குப் போனால் போதும்" என்றார். அந்தப் பேச்சைத்தான் நம்பினேன். தளமும் 'நிபுணர் சரிபார்த்தது' என்று முத்திரை போட்டிருந்தது, கூடவே சான்றிதழ் வேறு. அன்றிரவே 2,800 யூரோ அனுப்பினேன்.

கடிதத்தின் தலைப்பில் 'கிளாரன்ஸ், ஜூன் 1913' என்று இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் கிளாரன்ஸில்தான் அந்த பாலே இசையின் பெரும்பகுதியை ஸ்ட்ராவின்ஸ்கி எழுதினார், ஆகவே ஊர் பொருந்துகிறது. ஆனால் அந்த ஜூனில் மனிதர் டைஃபாய்டு வந்து பாரிஸை ஒட்டிய நூயியில் மருத்துவமனையில் கிடந்தார்! முத்திரை போட்ட நிபுணருக்கு இதுகூடத் தெரியாதா? கையெழுத்துப் பிரதிகள் விற்கும் பழைய கடைக்காரர் ஒருவர் புற ஊதா விளக்கைக் காட்டினார். தாள் நீலவெள்ளையாக ஜொலித்தது. அப்படி ஒளிரவைக்கும் வெளுப்பு ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் காகிதத்தில் பரவலானது. 1913 தாளில் அது எப்படி வரும்?

தளத்துக்கு எழுதினால், "விற்பவரிடம் பேசுங்கள்." விற்பவரைக் கேட்டால், "அவர்கள் நிபுணரே பார்த்துவிட்டாரே." பிறகு போனையே எடுக்கவில்லை. மறுபடி தளத்திடம் போனால் எழுத்துப்பூர்வ அறிக்கை கேட்டார்கள். அதற்கும் காசு கொடுத்து வாங்கி அனுப்பினேன். வந்த பதில்: "இது நிபுணர்களுக்கு இடையேயான கருத்து வேறுபாடு. மேலும், புகார் காலம் முடிந்துவிட்டது." இழுத்தடித்ததே அவர்கள்தான்! சான்றிதழில் கிறுக்கிய ஒரு கையெழுத்து தவிர பெயர், முகவரி எதுவும் இல்லை. 2,800 யூரோ, ஒரு சென்ட் திரும்பவில்லை.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. வங்கிப் பரிமாற்றம் கேட்டால் விலகுங்கள். புற ஊதா விளக்கில் எடுத்த படம் கேளுங்கள், தயங்கினால் விடுங்கள். ஸ்ட்ராவின்ஸ்கியின் ஆவணங்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரின் பால் சாகர் அறக்கட்டளையில் இருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் அங்கே எழுதிக் கேளுங்கள்.

ஒன்று அவசரம். அதே ஆள் இப்போது 'டாஃப்னிஸ் எ க்ளோயே' பாலே பற்றி அதன் இசையமைப்பாளர் ராவெல் எழுதிய கடிதம் என்று ஒன்றைப் போட்டிருக்கிறார். அதே தாள் நிறம், சான்றிதழில் அதே கிறுக்கல், ஆரம்ப விலை 3,100 யூரோ. யாரும் ஏலம் கேட்காதீர்கள்.