மோனோவா, கலரா? சென்னை மொட்டை மாடிக்கு எந்த நெபுலா கேமரா

நகர வெளிச்சத்துக்கு நடுவிலிருந்து ரோஸெட், கலிஃபோர்னியா, கரினா போன்ற உமிழ்வு நெபுலாக்களை (தானே ஒளிரும் வாயு மேகங்களை) படமெடுக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மோனோ (கறுப்பு-வெள்ளை) கேமராவும் ஃபில்டர் மாற்றும் வீலும், அதில் ஹைட்ரஜன்-ஆல்ஃபா, ஆக்சிஜன்-3, சல்ஃபர்-2 என்று அந்தந்த வாயு உமிழும் ஒற்றை நிறத்தை (கோட்டை) மட்டும் விடும் தனித்தனி ஃபில்டர்களும். இன்னொன்று, கலர் கேமராவுக்கு முன்னால், ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டு கோட்டையும் சேர்த்து விடும் ஒரே ஒரு டூயல்-பேண்ட் ஃபில்டர். நான் வாங்கியது இரண்டாவது. சென்னையில் இருப்பவர் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

மோனோவுக்குச் சொல்லப்படும் காரணம் சரிதான். கலர் சென்சாரில் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் சிவப்பு. 656.3 நானோமீட்டரில் வரும் ஹைட்ரஜன்-ஆல்ஃபாவை அந்தக் கால்பங்குதான் பிடிக்கும். மோனோவில் எல்லாப் பிக்சலும் பிடிக்கும். ஆனால் ஆக்சிஜன்-3 கோடு 500.7 நானோமீட்டரில், பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே விழுகிறது. அங்கே கலரிலும் நான்கில் மூன்று பிக்சல் வேலை செய்கிறது. மங்கலாக வருவது பெரும்பாலும் ஆக்சிஜன்தான் என்பதால் எனக்கு இது பெரிய விஷயம்.

விலையில் மோனோவுக்கு ஃபில்டர்களும் வீலும் சேர்ந்து கிட்டத்தட்ட இன்னொரு கேமரா விலை ஆகிவிடும். அது தெரிந்த கதை.

என்னை முடிவெடுக்க வைத்தது வானம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்காலமானால் இடிமேகம். நம்பி உட்கார ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான், அதிலும் நடுராத்திரியில் கடல் பக்கமிருந்து மேகம் ஏறிவிடும்.

கரினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வட ஐரோப்பாக்காரருக்குக் கிடைக்கவே கிடைக்காத நெபுலா அது. நமக்குத் தெற்கே அதிகபட்சம் 17 டிகிரி உயரம்வரை வரும். ஆனால் 15 டிகிரிக்கு மேல் அது நிற்பது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. மோனோவில் அந்த நேரத்தை மூன்று ஃபில்டருக்குப் பங்கிட வேண்டும். தாழ்வான வானத்தில் ஆக்சிஜன் கோடுதான் ஹைட்ரஜனைவிட அதிகம் மங்கும் என்பதால், உச்சி நேரத்தை அதற்கு ஒதுக்க வேண்டும். ஹைட்ரஜனை முடித்துவிட்டு ஆக்சிஜனுக்கு மாற்றும்போது மேகம் வந்தால் அன்றைக்குக் கையில் இருப்பது ஒரு கறுப்பு-வெள்ளைப் படம். கலரில் ஐந்து நிமிட ஃப்ரேம் ஒவ்வொன்றிலும் இரண்டு கோடும் இருக்கும். ஒரு மணி நேரத்தில் மூட்டையைக் கட்டினாலும் படம் படம்தான். அப்புறம் கணினியில் சிவப்பை ஹைட்ரஜனாகவும், பச்சையையும் நீலத்தையும் ஆக்சிஜனாகவும் பிரித்துச் சேர்த்தால் தங்கமும் நீலமுமாக அருமையாக வருகிறது. ஃபில்டருக்கு ஃபில்டர் ஃபோகஸ் பார்ப்பது, தனித்தனி ஃப்ளாட் (ஓர இருட்டையும் தூசி நிழலையும் சரிசெய்ய எடுக்கும் சீரான வெளிச்சப் படம்) எடுப்பது எதுவும் இல்லை.

மோனோ வெல்லும் இடம் நிலா வெளிச்சம். பௌர்ணமியை ஒட்டி ஹைட்ரஜனை மட்டும் எடுத்துவிட்டு ஆக்சிஜனை அமாவாசைக்கு வைத்துக்கொள்ளலாம். டூயல்-பேண்டில் அந்தப் பிரிவு கிடையாது. சல்ஃபரும் கிடையாது, அதற்கு வேறு டூயல் ஃபில்டர் வாங்க வேண்டும். ஹப்பிள் 1995-இல் எடுத்த கழுகு நெபுலாத் தூண்களின் நிறம்தான் வேண்டும் என்றால் மூன்று கோடும் தேவை. சிமைஸ் 147 (வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம்) போன்ற மிக மங்கலான இழைகளிலும் மோனோதான் முந்தும் என்று நினைக்கிறேன். நண்பரின் மோனோவில் சில இரவுகள் உட்கார்ந்த அனுபவம்தான் எனக்கு, அதனால் இதை அழுத்திச் சொல்ல மாட்டேன். வானாய்வகம் இருக்கும் காவலூர்ப் பக்கம் ஜவ்வாது மலையில் வீடும், அடுத்தடுத்து இரவுகள் விழிக்க வசதியும் இருப்பவர் தாராளமாக மோனோவுக்குப் போகலாம்.

டூயல்-பேண்ட் வாங்கும்போது உங்கள் தொலைநோக்கி எஃப்/3-ஐவிட வேகமானதா (எஃப் எண் 3-ஐவிடக் குறைவா) என்று பாருங்கள். 3 நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் ஒளி விடுவது போன்ற குறுகிய ஃபில்டரில் ஒளி அவ்வளவு சாய்வாக நுழைந்தால் அது விடும் பேண்ட் நீலப்பக்கம் நகர்ந்து, நெபுலாவின் வெளிச்சமே வெட்டுப்படும். அதற்கென்றே வேகமான லென்ஸுக்கான வகை தனியாக வருகிறது. அளவு 2 அங்குலமாக எடுத்துவிட்டால் பிறகு பெரிய சென்சாருக்கு மாறினாலும் அதே ஃபில்டர் ஓடும்.