பிஎச்பி கற்கப் புத்தகம் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

உலகில் வெளிவரவே இல்லாத ஒன்றைக் கற்றுத்தரும் புத்தகத்துக்கு என் ஒரு வாரச் சம்பளம் போயிருக்கிறது.

அட்டையில் கொட்டை எழுத்தில் ‘பிஎச்பி 6’ என்று போட்டிருக்கிறது. பிஎச்பி என்பது இணையதளங்களை உருவாக்கும் நிரல்மொழி; எண் அதன் பதிப்பைக் குறிக்கும். 6 என்று ஒன்று வெளியாகவே இல்லை. அந்த முயற்சி 2010இல் கைவிடப்பட்டது. 5க்குப் பிறகு 2015 டிசம்பரில் நேராக 7 வந்தது. 6 வரப்போகிறது என்று நம்பி முந்திக்கொண்டு அச்சடித்த புத்தகங்கள் அப்போது சில வந்தன. அதில் ஒன்றையும், 5க்கு எழுதிய வேறு இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு ‘புத்தம் புதிய பாடத்தொகுப்பு’ என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

விற்றது ஓர் இணையப் புத்தகத் தளம். விளம்பரத்தில் பெட்டியின் படம் மட்டும்தான் இருந்தது. அதனால்தான் பணம் கட்டுமுன் அவர்களுடைய உதவிப் பிரிவில் கேட்டேன்: “நான் இப்போதுதான் கற்கத் தொடங்குகிறேன். என் கணினியில் பிஎச்பி 8 இருக்கிறது. இந்தப் புத்தகங்கள் அதற்குப் பொருந்துமா?” உடனே பதில் வந்தது. “நிச்சயமாகப் பொருந்தும். முழுக்கத் திருத்திய பதிப்பு. உங்களைப் போன்றவர்களுக்காகவே தொகுத்தது. நல்ல முடிவு, வாழ்த்துகள்!” அந்த வாழ்த்தை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

தரவுத்தளப் பாடத்தின் முதல் நிரலே ஓடவில்லை. தரவுத்தளத்தோடு இணைக்கும் மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் என்று ஒரு ஃபங்ஷனே (நிரல் கட்டளையே) இல்லை என்கிறது கணினி. எப்படி இருக்கும்? 7 வந்தபோதே மைஎஸ்க்யூஎல்_ என்று தொடங்கும் அந்த வரிசை முழுவதையும் நீக்கிவிட்டார்கள். இன்னொரு அத்தியாயம் கடவுச்சொல்லை, எளிதில் உடைக்கக்கூடிய பழைய முறையான எம்டி5 போட்டுச் சேமிக்கச் சொல்கிறது. இதைப் படித்து எவன் வேலைக்குப் போவது?

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். “உறையைக் கிழித்துவிட்டீர்களே” என்றார் ஒருவர். கிழிக்காமல் எப்படிப் படிப்பது? “பக்கம் எதுவும் குறையவில்லையே?” என்றார் அடுத்தவர். மூன்றாமவர்தான் உச்சம்: “பழைய பிஎச்பியை நிறுவிக்கொள்ளுங்கள், எல்லாம் ஓடும்.” 5க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 முடிவோடு நின்றுபோயின. அவர்கள் புத்தகத்தை மாற்ற மாட்டார்களாம், நான் கணினியை மாற்ற வேண்டுமாம்! கடைசியில் ‘சிக்கல் தீர்க்கப்பட்டது’ என்று ஒரு மின்னஞ்சல். ஒரு வாரச் சம்பளம் ஐயா, யாருக்குத் தீர்ந்தது?

நல்ல புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற கோபத்தில் அவசியமானது மட்டும் வருகிறது. பதிப்பு விவரம் அச்சிட்டிருக்கும் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். அங்கேயும் மறு அச்சு ஆண்டை விட்டுவிட்டுப் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். பிஎச்பி 8 வந்ததே 2020 நவம்பரில்தான். மாதிரிப் பக்கங்கள் கேளுங்கள். அவற்றில் தரவுத்தளத்தோடு இணைக்கப் பிடிஓ அல்லது மைஎஸ்க்யூஎல்ஐ, கடவுச்சொல்லைச் சேமிக்கப் பாஸ்வேர்டு_ஹாஷ் இருக்க வேண்டும். மொழியின் அதிகாரபூர்வக் கையேடு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. முதலில் அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் தரும் வாக்குறுதியைப் படமெடுத்து வையுங்கள்.

அந்தத் தொகுப்பு இந்த நிமிடம்கூட விற்பனையில்தான் இருக்கிறது, ‘புதிய வரவு’ என்ற பட்டையோடு.