ரூட் கேனாலா, பல்லை எடுப்பதா: ஒரே கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வழிகள்

கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லில் சொத்தை ஆழமாகி, ராத்திரி படுத்தால் விண்விண்ணென்று தெறிக்கிறது. மறுநாள் காலையில் பல் மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு இரண்டு வழி சொல்கிறார். ரூட் கேனால் செய்து, அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்து அடைத்து, மேலே கேப் என்ற உறை போடலாம். இல்லையென்றால் பல்லை எடுத்துவிடலாம். பெரும்பாலும் சிக்குவது ஆறு வயதை ஒட்டி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்தான். எந்தப் பால் பல்லும் விழாமலேயே அது பின்னால் முளைப்பதால், அதையும் பால் பல் என்று நினைத்து வீட்டில் விட்டுவிடுகிறார்கள்.

நாற்காலியில் இருப்பவர் மனசில் ஓடும் கணக்கு நமக்குத் தெரியும். ரூட் கேனால் என்றால் பல தடவை வரணும், சில ஆயிரம் ஆகும், பயங்கரமாக வலிக்குமாம். எடுத்தால் ஒரே நாளில் வேலை முடியும், செலவும் கம்மி. இந்தக் கணக்கில் ஒரு பக்கம் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது. எடுத்த இடத்தில் அப்புறம் என்ன செய்வது என்பதையும் சேர்த்தால்தான் ஒப்பீடு நியாயமாகும்.

முதலில் எல்லோரும் பயப்படும் வலி. மரத்துப்போக ஊசி போட்ட பிறகு செய்யும் ரூட் கேனால், ஆழமான சொத்தையை அடைப்பதை விடப் பெரிதாக வலிப்பதில்லை. ஆனால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. உள்ளே நரம்பு கடுமையாக வீங்கியிருக்கும் கீழ்க்கடைவாய்ப் பல், ஊசிக்கு எளிதில் அடங்காது. உதடு பாதி கனத்து மரத்திருக்கும், பல் மட்டும் சுருக்கென்று இழுக்கும். அப்போது கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும். பல்லைச் சுற்றி இன்னொரு ஊசி போடுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் பல்லின் நரம்புக்குள்ளேயே சில துளி செலுத்துவார்கள். அந்த ஒரு கணம் வலிக்கும், அதன் பிறகு நிம்மதி. பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்து உட்கார வேண்டிய அவசியமே கிடையாது. எடுப்பது என்று முடிவு செய்தாலும் இதே பல், இதே ஊசி, இதே பிடிவாதம்தான். ஆகவே நாற்காலியில் படும் வலியை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அந்த நாற்காலியில் என்னதான் நடக்கிறது? பல்லை மட்டும் வெளியே நீட்டி, மற்ற வாயை மூடும் ஒரு ரப்பர் விரிப்பை மாட்டுவார்கள். எச்சில் உள்ளே போகாது, மருந்தும் சிறு கருவிகளும் தொண்டைக்குள் விழாது. 1864இல் நியூயார்க் பல் மருத்துவர் ஒருவர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. இன்றும் இதைவிட எளிய பாதுகாப்பு வரவில்லை. இதைப் போடாமல் செய்யும் இடங்களும் உண்டு. போடுவீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். பிறகு பல்லின் மேல்புறத்தில் துளையிட்டு, உள்ளே இருக்கும் நரம்புத் திசுவை மெல்லிய ஃபைல்களால் சுரண்டி எடுப்பார்கள். கீழ்க்கடைவாய்ப் பல்லில் வழக்கமாக நரம்பு ஓடும் மூன்று அல்லது நான்கு குழாய்கள் இருக்கும். மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவது ஒன்று ஒளிந்திருக்கும். அதைத் தவறவிடுவதால்தான் பல சிகிச்சைகள் பின்னாளில் தோற்கின்றன. வேர் எங்கே முடிகிறது என்று அளக்க ஒரு மின்கருவி கீச் கீச் என்று சத்தம் போடும். நடுநடுவே வரும் பிளீச்சிங் பவுடர் வாடை, கிருமி கொல்ல ஊற்றும் சோடியம் ஹைப்போகுளோரைட். கடைசியில் கட்டா பெர்ச்சா என்ற மரப்பிசின் குச்சிகளால் குழாய்களை அடைப்பார்கள்.

நரம்பு உயிரோடு இருந்து, சீழ் இல்லாவிட்டால் ஒரே அமர்வில் முடிக்கலாம். சீழ் வடிந்துகொண்டிருந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை உள்ளே வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பி, மறுபடி வரச் சொல்வார்கள். நீண்ட நாள் பலனில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அதனால் "ஒரே நாளில் ரூட் கேனால்" என்ற விளம்பரப் பலகையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டு வழியும் பிரிகின்றன. ரூட் கேனால் செய்த பல் இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிக்கும். சாதாரண வலி மாத்திரையில் அடங்கும். சிலருக்கு மட்டும் இடையில் திடீரென்று வீங்கி வலி கூடும், அப்போது உடனே திரும்பப் போக வேண்டும். எடுத்த இடமோ ஒரு திறந்த புண். ரத்தக்கட்டி கரைந்துபோனால் எலும்பு வெளியே தெரிந்து, மூன்றாம் நாள் வாக்கில் காது வரை வலி ஏறும். கீழ்ப்பற்களில், அதுவும் புகைப்பவர்களுக்கு, இது அதிகம். ரத்தம் நிற்கக் கடித்திருந்த பஞ்சை எடுத்த பிறகு துப்பிக்கொண்டே இருப்பதும் ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும் அந்தக் கட்டியைக் கழற்றிவிடும்.

இரண்டையும் ஒத்திப்போட்டு மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடும் மூன்றாவது வழி ஒன்று நம்மூரில் நிறைய ஓடுகிறது. அது வழியே அல்ல. வீங்கிச் செத்துக்கொண்டிருக்கும் நரம்புக்குள் மருந்து போதிய அளவு போய்ச் சேராது. முகம் வீங்கி, காய்ச்சலும் வந்தால்தான் அதற்கு வேலை. தாடைக்கு அடியில் வீக்கம் பரவி, விழுங்கவோ வாயைத் திறக்கவோ முடியாமல் போனால் நேரம் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்; மூச்சு அடைக்கும் அபாயம் அது.

இனி, பலர் விட்டுவிடும் மறுபாதிக் கணக்கு. பல்லை எடுத்து அப்படியே விட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குள் சாயும், மேல்பல் எதிராளி இல்லாமல் கீழே இறங்கும், எலும்பும் மெல்ல மெல்லக் கரையும். கழற்றி மாட்டும் பல் மலிவு, ஆனால் கடைவாயில் அதை வைத்து முறுக்கு கடிக்க முடியாது. பக்கத்துப் பற்களில் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் கட்டினால் இரு பக்கமும் நன்றாக இருக்கும் பற்களைச் செதுக்க வேண்டும். சொத்தையே இல்லாத இரண்டு பற்களை ஒன்றுக்காகக் குறைப்பது எனக்கு உடன்பாடில்லை, அவற்றில் ஏற்கனவே கேப் இருந்தால் ஒழிய. மிச்சமிருப்பது இம்ப்ளான்ட்: எலும்பில் டைட்டானியம் திருகு. 1965இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் பிரோனமார்க் என்ற மருத்துவர் முதல் நோயாளிக்குப் பொருத்தியதிலிருந்து வளர்ந்த நல்ல சிகிச்சைதான். ஆனால் எலும்போடு ஒட்ட மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், செலவும் பெரும்பாலும் ரூட் கேனாலையும் கேப்பையும் சேர்த்ததை விட அதிகம். அதைச் சுற்றியும் ஈறு அழுகும். கட்டுப்படாத சர்க்கரையும் புகையும் அதற்குப் பகை. நல்ல கையில் செய்யப்பட்ட ரூட் கேனால் பல்லும் இம்ப்ளான்ட்டும் பல ஆண்டுகள் தங்குவதில் ஏறக்குறைய ஒப்பானவை. கடிக்கும்போது அழுத்தத்தை உணர வைக்கும் மெல்லிய நார்ச்சவ்வு சொந்த வேருக்கு மட்டுமே உண்டு.

அதனால் கேப் தாங்கும் அளவுக்குச் சுவர் மிச்சமிருக்கும் கடைவாய்ப் பல்லுக்கு நான் ரூட் கேனாலைத்தான் சொல்வேன், கேப்போடு சேர்த்து. வலி போனதும் கேப்பை மறந்துவிடுவதுதான் இந்தச் சிகிச்சையைக் கெடுக்கும் பெரிய காரணம். சொத்தையும் துளையும் உள்ளே குடைந்துவிட்ட பல், ஒருநாள் கடலை மிட்டாயில் நெடுக்காகப் பிளக்கும். அப்புறம் செலவழித்த பணமும் போய் எடுப்பதுதான் கதி. முழு உலோகக் கேப் அழகில்லை, ஆனால் பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும், உடையாது. வெள்ளையாக வேண்டுமென்றால் சிர்கோனியா என்ற உறுதியான பீங்கான் வகை. உலோகத்தின் மேல் பீங்கான் பூசியதில் பீங்கான் தெறித்துவிடுவதுண்டு.

பணம் தடையென்றால் எடுப்பதற்கு முன் அரசு பல் மருத்துவக் கல்லூரியைப் பாருங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பி.டி.எஸ். முடித்து மூன்றாண்டு இதற்கென்றே படிக்கும் மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர்கள் மேற்பார்வையில் செய்கிறார்கள். காத்திருப்பு அதிகம், ஒரு நாள் கூலியை விட வேண்டி வரலாம். வளைந்த வேருள்ள கடைவாய்ப் பல்லையும், ஏற்கனவே தோற்ற ரூட் கேனாலையும் எங்கே செய்தாலும் ரூட் கேனால் நிபுணரிடமே கொடுங்கள். சாதாரண முன்பல்லுக்கு நிபுணர் அவ்வளவு தேவையில்லை.

எடுப்பதே சரி என்ற நிலைகளும் தெளிவாக இருக்கின்றன. வேர் வரை பிளந்த பல், ஈறுக்குக் கீழே வெகுதூரம் சொத்தை இறங்கி கேப் பிடிக்கச் சுவரில்லாத பல், எலும்பு கரைந்து ஆடும் பல், இடக்கு செய்யும் ஞானப்பல். இவற்றில் ரூட் கேனால் செய்யச் சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள். மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பயப்பட ஒன்றுமில்லை. தாடைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களும், எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பை இறுக்கும் மருந்து எடுப்பவர்களும் மட்டும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குப் பல் எடுத்த குழி ஆறாமல் போகக்கூடும் என்பதால், முடிந்தவரை பல்லை வைத்துக்கொள்ளவே பார்ப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக அதை நிறுத்தவே கூடாது. எடுத்துவிட்டால், பக்கத்துப் பல் சாயத் தொடங்கும் முன், சில மாதங்களுக்குள் அந்த இடத்துக்கு என்ன கட்டுவது என்று மருத்துவரோடு பேசி முடித்துவிடுங்கள்.