நாரிப்பிடிப்பும் கைரோபிரக்டரும்: சில ஆண்டு அனுபவம்

கனடாவில், ஸ்காபரோவில் வெயர்ஹவுஸ் வேலை செய்கிற எனக்கு நாரிப்பிடிப்பு பல ஆண்டுத் தொந்தரவு. இதுவரை இரண்டு கைரோபிரக்டர்களை, அதாவது முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி அசைத்துச் சிகிச்சை செய்பவர்களை, பார்த்திருக்கிறேன். ஒருவரை விட்டு விலகினேன். மற்றவரிடம் இன்றும் தேவைப்பட்டால் போகிறேன்.

முதலாமவரின் கிளினிக்கில் முதல் கேள்வியே வேலைத்தலக் காப்புறுதி எவ்வளவு தருகிறது என்பதுதான். அடுத்தது எக்ஸ்ரே. படத்தைக் காட்டி, முள்ளந்தண்டு விலகியிருக்கிறது என்றார். கிழமைக்கு மூன்று தடவை, மாதக்கணக்கில் வரவேண்டும், மொத்தமாகக் கட்டினால் கழிவு உண்டு என்று ஒரு திட்டத்தை நீட்டினார். எப்போது நிறுத்தலாம் என்று கேட்டேன். தெளிவான பதில் வரவில்லை.

இரண்டாமவர் முதல் நாளில் பெரும்பாலும் கேள்விதான் கேட்டார். காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, இரவில் வலி எழுப்புகிறதா, முன்பு புற்றுநோய் வந்ததா, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது இருந்தால் தன்னிடம் வராமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொன்னார். பிறகு முழங்காலைத் தட்டிப் பார்த்தார், காலை நீட்டித் தூக்கினார், குதிக்காலிலும் நுனிக்காலிலும் நடக்கவிட்டார். இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாத நாரி வலிக்கு எக்ஸ்ரே எடுப்பதால் சிகிச்சை மாறப்போவதில்லை, வலியே இல்லாதவர்களின் படத்திலும் தேய்மானம் தெரியும் என்று விளக்கினார். நான்கு கிழமை பார்ப்போம், குறையாவிட்டால் குடும்ப வைத்தியருக்குக் கடிதம் தருகிறேன் என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவரிடம் நம்பிக்கை வந்தது.

சரி, பலன் என்ன? அட்ஜஸ்ட்மென்ட், அதாவது கையால் சட்டென்று அழுத்தி மூட்டை அசைப்பது, செய்த அன்று இடுப்பு இலகுவாகும், அடுத்த நாள் கொஞ்சம் உளைவு இருக்கும். 'டக்' என்ற சத்தம் எலும்பு இடத்துக்குத் திரும்புவதால் வருவதல்ல. விரலில் நெட்டி முறியும்போது மூட்டுத் திரவத்துக்குள் வாயுக் குழி உண்டாவதை அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2015இல் எம்ஆர்ஐயில் காட்டினார்கள். எனக்கு நிலைத்த பலனைத் தந்தது அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளும் பெட்டி தூக்கும் முறையை மாற்றியதும்தான். அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டலும் நாரி வலிக்குச் சூடு, மசாஜ், உடற்பயிற்சி போன்ற தெரிவுகளோடு ஒன்றாகத்தான் முள்ளந்தண்டைக் கையால் அசைக்கும் இந்த முறையையும் சொல்கிறது. திடீரென்று வரும் பிடிப்பு பலருக்குச் சில கிழமைகளில் தானாகவே குறைந்துவிடும்.

கழுத்து விஷயத்தில் நான் கண்டிப்பு. கழுத்தை வேகமாகத் திருப்பும் சிகிச்சைக்குப் பிறகு, மிக அரிதாக, இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. வேண்டாம் என்றேன். அவர் முகம் சுளிக்காமல் மென்மையாக அசைக்கும் முறைக்கு மாறினார். ஆபத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்காமல் கழுத்தில் கை வைப்பவரிடம் படுக்கவே வேண்டாம்.

ஆஸ்துமா, குழந்தையின் காதுத் தொற்று எல்லாவற்றையும் முள்ளந்தண்டைச் சரிசெய்து குணமாக்கலாம் என்பவர்களையும் தவிருங்கள். 1895இல் ஐயோவாவில் டி. டி. பாமர் இந்த முறையைத் தொடங்கியபோது, பெரும்பாலான நோய்களுக்கு முள்ளெலும்பு விலகுவதே காரணம் என்று நம்பினார். அந்த நம்பிக்கையோடு தொழில் செய்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

ஒன்ராறியோவில் இருப்பவர்கள் பதிவு செய்யுமுன் ஒன்ராறியோ கைரோபிரக்டர்கள் கல்லூரியின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். உரிமம் கொடுப்பதும் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் அந்த அமைப்புதான், நடவடிக்கை இருந்தால் அங்கே தெரியும். பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போட அவர்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு, ஆனால் மருந்து எழுத முடியாது. மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் 2004 கடைசியிலேயே இதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அதனால் முதல் தடவைக்கும் அடுத்த தடவைகளுக்கும் கட்டணம் எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள், பெரும்பாலும் இரண்டும் வேறாக இருக்கும். முற்பணம் கேட்டால், இடையில் நிறுத்தினால் மிச்சம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.