ஸ்பேனரைத் தொடும் முன் காது கொடுத்துக் கேட்கிற பட்டறை

எங்கள் வண்டி 2013 வேகன் ஆர், 1,10,000 கிலோமீட்டர் ஓடியது. போன மாதம் ஒருநாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஸ்டியரிங், சீட், டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிற பிள்ளையார் வரைக்கும் கிடுகிடுவென ஆடுகிறது, கூடவே அடியில் எங்கேயோ தகரம் அடிக்கிற மாதிரி சத்தம். எஞ்சினில் கோளாறு என்று காட்டுகிற செக் லைட்டும் எரிந்தது. மூன்று சிலிண்டர் எஞ்சின் என்பதால் நன்றாக இருக்கும்போதே சிக்னலில் லேசாக உதறும்தான், ஆனால் இது அந்த உதறல் இல்லை.

முதலில் போனது வேறொரு இடம், பெயர் வேண்டாம். ஏசி ஹால், காபி எல்லாம் உண்டு. பானட்டைத் திறந்தார்களா என்றே சந்தேகம், அரை மணி நேரத்தில் எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங் மொத்தமும் மாற்றணும், கிளட்ச் செட் மாற்றணும், பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் கிளீனிங் என்று 24,000 ரூபாய்க்கு எஸ்டிமேட். 12 வருஷ வண்டிக்கு அவ்வளவு கொட்ட மனசு வரவில்லை, மச்சான் சொன்ன இந்தக் கோவை சிங்காநல்லூர் பட்டறைக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். வந்ததும் மெக்கானிக்கிடம் திட்டுதான். "மிஸ்ஸிங் அடிக்கிற வண்டியை இப்படி ஓட்டிட்டு வரலாமுங்களா? எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள்ள போய் கன்வெர்ட்டர் வெந்துரும்." மிஸ்ஸிங் என்றால் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது, கன்வெர்ட்டர் என்றால் புகையைச் சுத்தம் செய்கிற பாகம்.

அப்புறம் ஒரே கேள்வி, நிற்கும்போதும் ஆடுகிறதா, ஓடும்போது மட்டுமா? நிற்கும்போதும்தான் என்றதும் வீல், ஆக்ஸில் பக்கமே போகவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சிலிண்டருக்கு ஒன்றாக, பிளக்கில் பொறி வர கரண்ட் கொடுக்கிற காயில்களின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதலாவதைக் கழற்றியதும் வண்டி அணையப் பார்த்தது, மூன்றாவதுக்கும் அதே கதை. நடுவில் இருப்பதைக் கழற்றினால் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை! அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே படுத்துவிட்டது என்று எனக்கே புரிந்தது. ஸ்கேனரும் இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் என்றுதான் காட்டியது. அதோடு விடாமல் இரண்டாவது காயிலையும் முதல் காயிலையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார், கோளாறு காயிலோடு சேர்ந்து முதல் சிலிண்டருக்குப் போய்விட்டது. ஆக பிளக்கும் இல்லை, இன்ஜெக்டரும் இல்லை, காயில்தான்.

இருந்தாலும் பிளக் மூன்றையும் மாற்றச் சொன்னார். நுனி தேய்ந்து கேப் அகலமாகிவிட்டால் பொறி தாண்டுவதற்குக் காயில் கூடுதலாக உழைத்தே சீக்கிரம் போய்விடுமாம். பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், ஆயில் இல்லை, அதனால் எஞ்சின் மேல்மூடியில் ஆயில் கசியாமல் தடுக்கிற டாப்பெட் கவர் பேக்கிங்கைத் தொடவில்லை. தொடணும் என்று சொல்லியிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன், எனக்கென்ன தெரியும்.

மவுண்டிங்கையும் சும்மா விடவில்லை. பட்டறைப் பையனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் போட்டு, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சைக் கொஞ்சம் விடச் சொல்லி, எஞ்சின் எவ்வளவு துள்ளுகிறது என்று குனிந்து பார்த்தார். ஒன்றில் ரப்பர் லேசாக வெடிப்பு, "இன்னும் ஆறு மாசம் ஓட்டுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்." தகரச் சத்தம், சைலன்சர் மேல் இருக்கிற தகட்டில் போல்ட் துருப்பிடித்துக் கழன்றது, ஒரு கிளாம்ப்பில் முடிந்தது. மொத்தம் 3,150 ரூபாய்.

குறை இல்லாமல் இல்லை. உட்கார இடம் கிடையாது, போனை எடுக்கவே மாட்டார், பில் என்பது காலண்டர் தாளின் பின்பக்கம். ஒரு மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம், நடுவில் காயில் வாங்க என்னையே பைக்கில் ஸ்பேர்ஸ் கடைக்குத் துரத்தினார். ஞாயிறு லீவு. போகிறவர்கள் வாட்டர் சர்வீஸ் செய்துவிட்டுப் போக வேண்டாம், கசிவு இருந்தால் தடம் தெரியணும் என்று அதற்கும் ஒரு திட்டு விழும்.