ஆடியோ டைரியா, எழுத்து டைரியா, நேர்காணலா?

எம்பிஏ மாணவர்கள் முதலாம் ஆண்டு முடித்துவிட்டு இரண்டு மாதம் சம்மர் இன்டர்ன்ஷிப் போகிறார்களே, அங்கே உண்மையில் என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்? இதை ஆராய நினைக்கிற பலரும் முதலில் கை வைப்பது நேர்காணலில்தான். மழுப்பினால் துருவித் துருவிக் கேட்கலாம், அது அதன் பெரிய பலம். ஆனால் மாணவர் திரும்பி வருவதற்குள் நடந்ததையெல்லாம் ஒரு கதையாக்கிவிடுவார், பிளேஸ்மென்டுக்குச் சொல்லத் தோதான கதை. இரண்டாம் வாரம் ஓடிவிடலாமா என்று நினைத்தது அதில் இருக்காது.

சரி, எழுதச் சொன்னால்? ரிஃப்ளெக்டிவ் ஜர்னலுக்கு, அதாவது அனுபவத்தை அசைபோட்டு எழுதும் டைரிக்கு, மதிப்பெண் போடுவது நம் வழக்கம், அதனால் பேராசிரியருக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள். அதைவிட மோசம், எப்போது எழுதினார்கள் என்றே தெரியாது. ஆர்தர் ஸ்டோன் குழு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு வலி நோயாளிகளைப் பற்றியது என்றாலும் இங்கே அப்படியே பொருந்தும்: காகித டைரிக்குள் கண்ணில் படாமல் ஒளி உணரி வைத்து, அது எப்போது திறக்கப்பட்டது என்று பார்த்தார்கள். சொன்ன நேரத்துக்கு எழுதியதாக நோயாளிகள் காட்டியது 90 சதவீதம், உண்மை 11 சதவீதம். மொத்தமாக உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு முடித்த யாருக்கும் இது அதிர்ச்சியாக இருக்காது.

நடந்ததை அவ்வப்போது பேசிப் பதிவு செய்து அனுப்புகிற ஆடியோ டைரி இங்கேதான் ஜெயிக்கிறது. வாய்ஸ் நோட் அனுப்ப யாருக்கும் பயிற்சி தேவையில்லை, வந்து சேர்ந்த நேரம் தானாகவே பதிவாகிவிடும், மேனேஜரைப் பற்றிச் சொல்லுமுன் வருகிற அந்தத் தயக்கமும் எரிச்சலும் குரலில் அப்படியே நிற்கும், எழுத்தில் அதை வெட்டியிருப்பார்கள். குறை? நடுவில் "ஏன்?" என்று கேட்க ஆள் கிடையாது. வேலை கூடக்கூடச் சிலர் நிறுத்திவிடுவார்கள், அதுவும் யாருடைய அனுபவம் நமக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான் முதலில். அப்புறம் எழுத்தில் இறக்கும் வேலை: தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சை மென்பொருள் சொதப்பும், ஒவ்வொன்றையும் காதால் கேட்டுத் திருத்தியாக வேண்டும்.

என் கட்சி, ஆடியோ டைரியும் கடைசியில் ஒரு நேர்காணலும். டைரியை வைத்துக்கொண்டு நேர்காணல் செய்வதை சமூகவியலாளர்கள் ஜிம்மர்மேனும் வீடரும் 1977லேயே எழுதிவிட்டார்கள், புதுசு ஒன்றுமில்லை. பாடத்திட்டம் பிடித்ததா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் டைரியே வேண்டாம், நேர்காணல் போதும்.

எதுவானாலும் மதிப்பெண் போடுகிறவர் அந்தக் குரலைக் கேட்கக் கூடாது. மேனேஜர், வாடிக்கையாளர் பெயர்களை வேறொருவர் நீக்கிய பிறகே அது ஆய்வாளர் கைக்கு வர வேண்டும், இதை மாணவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.