வியாபாரப் பெயரா, பங்குடைமையா, பிரைவேட் லிமிடெட்டா? திருகோணமலையில் சிறுதொழில் பதிவோருக்கு

உப்புவெளியில் நாலு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துபவர், நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு ஓட்டுபவர், கிண்ணியாவில் சீமெந்துக்கல் அரிபவர் மூவருக்கும் பதிவு என்று வரும்போது கதவு மூன்றுதான்: பிரதேச செயலகத்தில் தனி ஆளாக வியாபாரப் பெயர், இரண்டு மூன்று பேர் சேர்ந்த பங்குடைமை, கம்பனிப் பதிவாளரிடம் பதியும் பிரைவேட் லிமிடெட். 'கம்பனி என்றால் மதிப்பு' என்பதற்காக மூன்றாவதைப் பிடிப்பவர்கள் ஊரில் கூடிவிட்டார்கள். நட்டம் வந்தால் யாருடைய சொத்தில் கைவைக்கலாம், காசு போட்டவர் எத்தனை பேர் என்ற இரண்டு கேள்வியை முதலில் கேட்டால் பாதித் தெரிவு அங்கேயே முடிந்துவிடும்.

வியாபாரப் பெயர்ப் பதிவுதான் மிக இலகு. கடை இருக்கும் இடத்துப் பிரதேச செயலகத்துக்குத்தான் போகவேண்டும். திருகோணமலை நகரமும் உப்புவெளியும் 'பட்டினமும் சூழலும்' என்ற பிரதேச செயலகப் பிரிவில் வரும். நிலாவெளி குச்சவெளிப் பிரிவு. இந்த இடத்தில் மாறிப் போய் அலைபவர்கள் உண்டு. அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், கட்டடம் உங்களுடையது அல்லது வாடகைக்கு எடுத்தது என்பதற்கான உறுதி அல்லது ஒப்பந்தம் கேட்பார்கள். உணவு, இரசாயனம், பட்டறை போன்றவற்றுக்கு மேலதிக அனுமதியும் கேட்பார்கள். பெரும்பாலும் கோப்பு நிற்பது கட்டடத்தில்தான். காணி மாமனாரின் பெயரில், மின்பட்டியல் செத்துப்போன பாட்டனாரின் பெயரில், வாடகை ஒப்பந்தம் வாய்ப்பேச்சில் என்றிருந்தால், காணிச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

இந்தப் பதிவு உங்களையும் வியாபாரத்தையும் பிரிக்காது. கடையின் கடன் உங்கள் கடன். உங்கள் வீடு, நகை, வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குப் பொறுப்பு. பெயருக்கும் தனியுரிமை கிடைக்காது. பக்கத்து மாவட்டத்தில் ஒருவர் அதே பெயரில் பதியலாம். பெயரைக் காக்க வேண்டுமென்றால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வியாபாரக் குறி (trade mark) பதிவதே உறுதியான வழி.

பங்குடைமைதான் மூன்றிலும் ஆபத்தானது. மலிவும் நட்பும் கலந்திருப்பதால் ஆட்கள் அதை நம்பிப் போகிறார்கள். ஒரு பங்காளர் கடைப் பெயரில் ஐஸ், டீசல், வலை எனக் கடனுக்கு எடுத்தால் மற்றவரும் முழுத்தொகைக்கும் பொறுப்பு. 'நான் பாதிப் பங்குதானே' என்பது கடன் கொடுத்தவரிடம் எடுபடாது. வாய்மொழி ஒப்பந்தம் இன்னும் மோசம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, மூலதனம் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் கையொப்பத்தோடு இருக்கவேண்டும். இன்றைக்கு எந்தக் கடையின் முதலும் அந்த வரம்பைத் தாண்டும். ஆகவே இலாபப் பங்கு, காசோலையில் யார் யார் கையொப்பம், ஒருவர் விலகினால் பங்கை எப்படி மதிப்பிடுவது, ஒருவர் இறந்தால் தொழில் தொடருமா என்பதைச் சட்டத்தரணி மூலம் எழுதுங்கள். மரணம் பற்றி ஒன்றும் எழுதாவிட்டால் பங்குடைமை அன்றோடு கலைந்துவிடும். இரண்டு குடும்பத்துக் காசு கலக்கும் இடத்தில் எங்கள் தெரிவு கம்பனிதான்.

பிரைவேட் லிமிடெட் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் வருகிறது. ஒரே ஆள் பங்குதாரராகவும் பணிப்பாளராகவும் இருக்கலாம். பங்குதாரர் 50 பேரைத் தாண்டக்கூடாது. பதிவு முழுக்க இணையவழி என்பதால் அதற்காகக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. முதலில் பெயர் அனுமதி. பிறகு கம்பனியைப் பதியும் விண்ணப்பமான படிவம் 1, ஒவ்வொரு பணிப்பாளரின் சம்மதத்துக்குப் படிவம் 18, கம்பனிச் செயலாளரின் சம்மதத்துக்குப் படிவம் 19, கூடவே கம்பனியை எப்படி நடத்துவது என்று சொல்லும் சங்க விதிகள். விதிகளை யாரோ கொடுத்த மாதிரியில் அப்படியே போடாதீர்கள். பங்கை வெளியாளுக்கு விற்கமுன் மற்றப் பங்குதாரரைக் கேட்கவேண்டுமா என்ற வரி அதில்தான் இருக்கும். பெயர் எழுத்துகள் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே ஒன்றைத் தீர்மானியுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் வங்கி கணக்குத் திறக்க மறுக்கலாம்.

கம்பனி பதியப்பட்டதற்கான கூட்டிணைப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் வேலை முடிந்ததென்று விடுபவர்கள்தான் பின்னால் தண்டம் கட்டுகிறார்கள். 30 வேலை நாட்களுக்குள் கூட்டிணைப்பைப் பொது அறிவித்தலாக வெளியிடவேண்டும். கம்பனிக்கென்று தனி வரி இலக்கம் எடுக்கவேண்டும். முதல் வருடாந்தப் பொதுக்கூட்டம் 18 மாதத்துக்குள், ஆண்டுதோறும் வருடாந்த அறிக்கையான படிவம் 15, கணக்காய்வு செய்த கணக்கு, வரி அறிக்கை என்று அது தொடரும். பதிவுக் கட்டணத்தைவிட, செயலாளருக்கும் கணக்காய்வாளருக்கும் வருடாவருடம் கொடுப்பதுதான் கனமான செலவு. ஒரு வருடம் வியாபாரமே நடக்காவிட்டாலும் இந்தக் கடமைகள் நிற்காது.

வரியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டு இலாபம் 30 இலட்சம் என்று வையுங்கள். தனி வியாபாரி, வேறு வருமானம் இல்லாதவர்: 2025 ஏப்ரல் முதல் உள்ள 18 இலட்ச விலக்கைக் கழித்தால் மிச்சம் 12 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 2 இலட்சத்துக்கு 18 வீதம். மொத்தம் 96,000 ரூபாய். அதே இலாபம் கம்பனியில் இருந்து, நீங்கள் மாதம் 150,000 சம்பளம் எடுத்தால், மிச்ச 12 இலட்சத்துக்கு 30 வீதமாக 360,000. வரி போக மீதி 840,000ஐப் பங்கிலாபமாக எடுத்தால் இன்னும் 15 வீதம், அதாவது 126,000 பிடிப்பார்கள். ஆகமொத்தம் 486,000. முழு 30 இலட்சத்தையும் சம்பளமாக எடுத்தால் வரி மறுபடி 96,000க்கு வந்துவிடும். ஆனால் சம்பளம் உண்மையில் மாதாமாதம் கைமாறி, வரி பிடித்துக் கட்டப்பட்டிருக்கவேண்டும். தனியாளின் இலாபம் 43 இலட்சத்தைத் தாண்டினால் மேலதிகத்துக்கு 36 வீதம். அந்த மட்டத்தில், இலாபத்தை வெளியே எடுக்காமல் தொழிலிலேயே விடுபவருக்குத்தான் கம்பனியின் 30 வீதம் இலாபம் தரும்.

'லிமிடெட்' என்பதன் பொருளான வரையறுத்த பொறுப்பு, அதாவது கம்பனியின் கடன் பங்குதாரரின் சொந்தச் சொத்தைத் தொடாது என்பதையும் சரியாக விளங்கவேண்டும். கம்பனி கடன் கேட்டால் பணிப்பாளரின் தனிப்பட்ட பிணையையும் வங்கி வழமையாகக் கேட்கும். அதில் கையொப்பம் வைத்த அன்றே அந்தக் கடனளவில் உங்கள் வீடு இந்தப் பாதுகாப்புக்கு வெளியே வந்துவிட்டது. வழங்குநர் கடன், வாடகை, வாடிக்கையாளர் வழக்கு போன்றவற்றில்தான் பாதுகாப்பு நிற்கும். அதிலும் விதிவிலக்கு உண்டு: உயிர்காப்பு அங்கி கொடுக்காமல் நீங்களே படகைக் கடலில் இறக்கினால், அந்தக் கவனயீனத்துக்கு நீங்களும் நேரடியாகப் பொறுப்பு. புறாத்தீவுப் படகுக்காரருக்குக் கம்பனியும் வேண்டும், காப்புறுதியும் வேண்டும்.

கம்பனி எடுத்தவர்கள் அதிகம் சிக்குவது கல்லாப்பெட்டியில். மாலையில் வந்த காசில் பத்தாயிரத்தை உருவி வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது தனி வியாபாரத்தில் உங்கள் காசு. கம்பனியில் அது கம்பனியின் காசு; எழுதாமல் எடுத்தால் வருட முடிவில் உங்கள் பெயரில் கடனாக நிற்கும். சம்பளமா, பங்கிலாபமா, நீங்கள் போட்ட கடனின் மீளளிப்பா என்று எடுக்கும்போதே குறித்துவையுங்கள்.

சுருக்கமாக எங்கள் தீர்ப்பு: சொந்தக் காசில் தனியே செய்யும் கருவாட்டுக் கடை, தையல், பலசரக்கு எல்லாவற்றுக்கும் வியாபாரப் பெயர் போதும். வெளியாள் முதலீடு, பெரிய வழங்குநர் கடன், ஆட்களுக்குக் காயம் வரக்கூடிய தொழில் என்றால் பிரைவேட் லிமிடெட். தனி ஆள் கம்பனியாக இருந்தால், நம்பிக்கையான ஒருவரை இரண்டாவது பணிப்பாளராகப் போடுங்கள். ஒரே பணிப்பாளர் திடீரென்று இறந்தால் காசோலையில் ஒப்பமிட ஆளில்லாமல் சம்பளம்கூட நின்றுபோகும்.

இப்போது வியாபாரப் பெயரில் இருந்து பிறகு மாற நினைப்பவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கடை கம்பனியாக 'மாறுவது' கிடையாது. புதிதாக ஒரு கம்பனி பிறந்து கடையின் சொத்தை வாங்குகிறது. வியாபார அனுமதிப்பத்திரம், சுற்றுலாச் சபைப் பதிவு, வாடகை ஒப்பந்தம், படகுப் பதிவு ஒன்றும் தானாகப் போகாது. ஆகவே வரியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1ஐ மாறும் நாளாக வைத்து, அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கம்பனியைப் பதிந்து, வங்கிக் கணக்கைத் திறந்து, அனுமதிகளைக் கம்பனிப் பெயரில் கேளுங்கள். மார்ச் 31 இரவு இருப்பை எண்ணி விலைப்பட்டியல் எழுதுங்கள். கடைக்குக் கடன் கொடுத்த பழைய ஆட்கள் எல்லாருக்கும் கடிதம் போய், பாக்கி தீர்ந்த பிறகு பழைய பெயரின் பதிவை நிறுத்துங்கள்.